'தொடங்கு', 'முடி' எனின் கணிப்பொறிக்கு விளங்காதா?

தமிழ்நாட்டரசின் நிலவுரிமைத் தரவுத்தளத்திற்குத் 'தமிழ்நிலம்' என்று பெயர். பெயர் நல்ல பெயரே. ஆயின், இத்தகைய தளங்களை இயக்கும் எசு.கியூ.எல். என்னும் வினவல்மொழியிலோ தமிழ்ச்சொல் ஒன்றுமில்லை.

கள்ளக்குறிச்சி உழவர் ஒருவர் தம் நிலத்தை மக்கள் இருவர்க்கும் பங்கிட்டுப் பட்டா மாற்றக் கேட்கிறார் என்க. பழைய புலத்தின் பரப்பைக் குறைத்தல், உட்பிரிவு எண் படைத்தல், புதிய உரிமையாளர் பெயரைப் பதிதல் ஆகிய மூன்றும் மூன்று கட்டளைகள். முதலிரண்டும் நடந்து மூன்றாவது நின்றுவிடின் என்னாகும்? நிலம் குறைந்திருக்கும்; குறைந்த நிலத்திற்கு உரியவர் எவரும் இரார்! இதற்காகவே அவற்றைத் 'தொடங்கு', 'முடி' எனப் பொருள்படும் இரு சொற்களுக்கிடையே ஒரே கட்டளைத் தொகுதியாகக் கட்டுகின்றனர். கட்டினால் மட்டும் போதாது. இங்குத்தான் பலர் இடறுகின்றனர். 1996-இல் வந்த தரநூற்பகுதி கூறும் 'பிரிபடா' என்னும் அடைமொழியையும் சேர்த்தல் வேண்டும். அஃதில்லாத தளங்களில் பரிமாற்றம் என்று தனியே அறிவித்தல் வேண்டும். அப்போதே, ஒன்று தவறினும் முன் நடந்தவை யாவும் பழைய நிலைக்கு மீளும்.

தமிழனுக்கு இது புதிதன்று. 'அளந்து, பிரித்து, எழுதிக் கொடுத்தான்' என்னுமிடத்து எச்சங்கள் யாவும் முற்றை நோக்கியே நிற்கின்றன. முற்று வாராவிடின் தொடர் நிறையாது. இதனைத் தமிழ்வழிக் கற்ற மாணவனுக்கு ஒரு நாழிகையில் விளக்கிவிடலாம். ஆங்கிலத்தில் நெட்டுருச் செய்வித்தால் ஓராண்டாயினும் விளங்காது.

கல்வராயன் மலையில் இதன் கடுமை மிகுதி. 1976 வரை சாகிர்தார்களின் பிடியிலிருந்த மலை அது. எழுத்துச் சான்றில்லாமலே தலைமுறை தலைமுறையாய் உழுதவர் அம் மலைமக்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திற்குப் பின்னரே காட்டுநிலத்தில் அவர்தம் உரிமை சட்ட ஏற்புப் பெற்றது. 2019-இல் (தி.பி. 2050) விழுப்புரத்தினின்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அங்கு ஒரு பதிவு அரைகுறையாய் நிற்பின், வெள்ளிமலையிலுள்ள ஏழை எந்தத் தாளைக் காட்டி வழக்காடுவான்?

"முப்பது ஆங்கிலச் சொற்கள்தாமே, கற்றுக்கொள்ளட்டுமே" என்பர் சிலர். முத்து அண்ணாமலை படைத்த 'எழில்' நிரல்மொழியில் 'முடி' என்றே எழுதுகின்றனர், கணிப்பொறி மறுக்கவில்லையே! மேலும், கட்டணமின்றிக் கிடைக்கும் போசுட்குரேசும் மையெசுகியூயெல்லும் அட்டவணைக்கும் செயல்முறைக்கும் தமிழெழுத்திலேயே பெயரிட இன்றும் இடந்தருகின்றன. 'பட்டா_மாற்று' என்று ஒரு செயல்முறைக்குப் பெயரிட எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை. வருவாய்த்துறை முதலில் இதனைச் செய்க. ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் அதன் பணியைத் தமிழில் எழுதிவைக்க.