புளியங்கொட்டைச் சேனை

யுத்தத்தில் நமக்குப் பிரியம் கிடையாது. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் நமது வீட்டுக் கூடத்தில் ஒரு மாத காலம் யுத்தம் நடந்தது. அதற்குச் சட்டம் வகுத்த குற்றம் நம்மையே சாரும்.

விஷயம் இதுதான். விடுமுறைக்கு வந்திருந்த தம்பியின் குமாரன், சரித்திரப் புத்தகத்தில் போரஸ் மன்னன் தோற்ற கதையைப் படித்துவிட்டு, "நானாக இருந்தால் தோற்றிருக்க மாட்டேன்" என்றான். "நான் அலெக்ஸாந்தராக இருந்தால் நீ தோற்றுத்தான் இருப்பாய்" என்றாள் அவன் அக்காள். வாய்ச் சண்டை கைச் சண்டையாவதற்கு முன்னால், "ஆடியே பார்த்து விடுங்களேன்" என்று நாம் சொல்லி வைத்தோம்.

இது புதிய காரியமன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் ஏற்றிச் சதுரங்கம் கண்டது நம் நாடு. 1824-ல் பிரஷ்ய ராணுவத்தைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் தேசப்படமும் பகடையும் நடுவரும் கொண்ட ஒரு யுத்த விளையாட்டை வெளியிட்டார். 1913-ல் ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் ஆடுவதற்கென்று விதிப் புத்தகமே எழுதினார். சதுரங்கத்தில் மழை பெய்வதில்லை, யானை மிரளுவதில்லை, எதிரியின் காய்கள் எப்போதும் கண்ணெதிரே இருக்கின்றன. மெய்யான யுத்தத்தில் இம்மூன்றும் வேறு விதம். ஆகவே புது விதிகள் வேண்டியிருந்தன.

முதலில் சேனையைத் திரட்டினோம். கிரேக்க ஆசிரியர் அர்ரியன் தரும் கணக்குப்படி போரஸிடம் காலாட்கள் 30,000, குதிரைகள் 4,000, தேர்கள் 300, யானைகள் 200. கி.மு. 326-ல் இரவோடிரவாக ஜீலம் நதியைக் கடந்து வந்த அலெக்ஸாந்தருடன் குதிரை வீரர் 5,000 பேரும், காலாட்கள் ஏறக்குறைய 6,000 பேரும் இருந்தனர். மீதிச் சைன்யத்தில் ஒரு பகுதி எதிர்க்கரைப் பாசறையில் கிராதெரஸ் என்னும் தளபதியிடம் நின்றது. ஆயிரம் காலாட்களுக்கு ஒரு புளியங்கொட்டை, ஐந்நூறு குதிரைகளுக்கு ஒரு குன்றிமணி, முப்பது தேர்களுக்கு ஒரு கொட்டைப்பாக்கு, இருபது யானைகளுக்கு ஒரு களிமண் யானை. புளியங்கொட்டையில் போரஸுக்கு முப்பது, எதிரிக்கு ஆறு. குன்றிமணியிலோ எட்டுக்குப் பத்து. பையன் புளியங்கொட்டைகளை மட்டும் எண்ணிப் பூரித்துப் போனான்.

பிறகு விதிகள். கூடத்தின் நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டி, இரு புறத்திலும் நதியைச் சாக்கட்டியால் வரைந்தோம். கட்டம் ஒன்றுக்கு மூன்று மைல். அலெக்ஸாந்தர் கடந்த துறை பாசறைக்கு ஏறக்குறைய 17 மைல் மேலே; அதாவது ஆறு கட்டம். தூதன் ஒரு முறைக்கு மூன்று கட்டமே போவான். ஆகையால் எதிரி கரையேறிய சமாசாரம் போரஸுக்கு இரண்டு முறை கழித்தே தெரியும். யானையைக் கண்டு பழகாத குதிரை யானை நிற்கும் கரையில் ஏறாது. இரவில் எதிரி கூச்சலிட்டால், "சத்தம் கேட்கிறது" என்று மட்டும் நடுவர் சொல்வார். அதை நம்பி நகரும் படைக்கு அலுப்பு ஒன்று கூடும். அலெக்ஸாந்தர் பல இரவுகள் இப்படிப் பொய்க் கூச்சல் போட்டுத்தான் போரஸை ஏமாற்றினான்.

மழை பெய்தால் தேர் சேற்றில் அழுந்தும். நம்மவர் வில் ஆள் உயரம் உள்ளது. தரையில் ஊன்றிக் காலால் மிதித்து நாண் இழுக்க வேண்டும். வழுக்கும் தரையில் அதற்குப் பாதிப் பலனே.

யானை விதியில்தான் கலகம் பிறந்தது. காயம் பட்ட யானைக்காக இரண்டு தாயக்கட்டைகளை உருட்ட வேண்டும். விழக்கூடிய வகைகள் பதினாறு. அவற்றில் கூட்டுத்தொகை இரண்டுக்கு மேற்படாதவை ஆறு. அந்த ஆறில் ஒன்று விழுந்தால் யானை மிரளும். பிறகு ஒரு சோழியைப் போட வேண்டும். வாய் மேலே இருந்தால் எதிரிமேல் பாயும். கீழே இருந்தால் நம்மவர்மேல் திரும்பும்.

முதல் ஆட்டத்தில் மூன்று யானைகள் திரும்பின. பையனுடைய புளியங்கொட்டைகள் சிதறிப் போயின.

"பெரியப்பா! நம் ராஜாவின் யானை நம் ஆட்களையே மிதிக்குமா? விதியை மாற்றுங்கள்!" என்று அழுதான்.

நாமும் சற்றுத் தடுமாறினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பவை கிரேக்கரும் ரோமானியரும் எழுதி வைத்தவையே. வென்ற கட்சியின் பேச்சை அப்படியே நம்ப வேண்டுமா? சோழியைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இரவு முழுதும் யோசித்தோம். யானைகள் நெருக்குண்டு இரு தரத்தாரையும் மிதித்தன என்று எழுதிய அதே ஆசிரியர்தாம், பாரசீக மன்னன் தாரியஸைப் போல் ஓடாமல், தோளில் காயத்தோடு கடைசி வரை போரஸ் நின்றான் என்றும் எழுதியிருக்கிறார். பின்னதை எடுத்துக்கொண்டு முன்னதைத் தள்ளுவது நியாயமாகுமா? மேலும், யானை மிரளவே மிரளாது என்றால், அதன் மேல் உட்கார்ந்து நின்றவனுக்குப் பெருமை ஏது?

விதியை மாற்றவில்லை. ஆனால் ஒரு புது விதி சேர்த்தோம். ஒரு நாள் சண்டையோடு தண்டயாத்திரை முடிவதில்லை அல்லவா? இரு தரத்தாருக்கும் 'மனத்திடம்' என்று இருபது சோழிகள் கொடுத்தோம். ஒரு காய் இழந்தால் ஒரு சோழி போகும். ஒரு பெரிய நதியைக் கடந்தால் ஒன்று போகும். ஐந்துக்கு வந்துவிட்டால் சேனை மேலே நடக்க மறுக்கும்.

இரண்டாவது ஆட்டத்தில் பையன் கூச்சலுக்கு அசையவில்லை. நதிக்கரையெங்கும் ஒற்றர்களை நிறுத்தினான். முன்பு போரஸின் குமாரன் செய்தது போல் தேர்களைத் தனியே சேற்றில் அனுப்பவில்லை. மணல் கெட்டித்த தரையில் எல்லாப் படையையும் ஒன்றாக நிறுத்தினான். அப்படியும் மாலைக்குள் தோற்றான். குதிரைப் படை பின்புறமாக வந்து வளைத்துக்கொண்டது; யானைகளும் தங்கள் பங்குக்கு மிரண்டன.

அக்காள் வெற்றியுடன் செனாப் நதியைக் கடந்தாள். ஒரு சோழியை எடுத்துக்கொண்டோம். மிச்சம் ஐந்து.

"பெரியப்பா, இனிமேல் போக முடியாதா?"

"முடியாது, அம்மா. உன் ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள்."

உண்மையில் அலெக்ஸாந்தரின் வீரர்கள் அதற்கப்பால் ராவியையும் கடந்து, பியாஸ் நதிக்கரையில்தான் மறுத்து நின்றார்கள். போரஸுடன் செய்த போரே அவர்களுடைய ஊக்கத்தைக் குறைத்தது என்று புளூடார்க் எழுதுகிறார். இதைச் சொன்னதும், தோற்ற பையன் திரையை விலக்கிக்கொண்டு வந்து அக்காளின் ஐந்து சோழிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். அதன் பிறகு யானை விதியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

தங்கள் வீட்டில் ஆடிப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம் தொடங்கு முன்பே விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று: புளியங்கொட்டை எடுப்பதற்கு முன் சமையலறையில் அநுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கேட்கவில்லை. அந்த யுத்தத்தில் நமக்கு ஏற்பட்ட தோல்வியைப் பற்றி எந்தச் சரித்திராசிரியரும் எழுதாமலிருப்பாராக!