அறிமுகம் இல்லாதவருக்கும் ஆய்வகம் திறக்க வேண்டும்

அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் அடுத்த கட்ட ஆய்வுக்கான இடத்தைப் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமே கண்டடைகிறார்கள். இது மாற வேண்டும். எந்தப் பேராசிரியர் எந்தக் கேள்விக்கு ஆய்வாளரை ஏற்கத் தயார் என்பதை ஆண்டுதோறும் பொதுவில் அறிவிப்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கடமை என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த இந்த இரண்டாண்டுத் திட்டம், 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு வந்திருக்கிறது. ஏற்கும் நெறியாளரையும் நிறுவனத்தையும் விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும். பெரிய நிறுவனத்தில் படித்தவருக்கு அவருடைய நெறியாளரின் ஒரு தொலைபேசி அழைப்பே இதற்குப் போதும். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்தவருக்கோ, பதில் வராத மின்னஞ்சல்களிலேயே மாதங்கள் கரைகின்றன. இத்திட்டம் வைத்திருந்த வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு இருந்தது. ஆனாலும் தேடலில் வீணான காலம் அந்த வரம்புக்குள்தான் கழிந்தது. ஐரோப்பாவின் மேரி ஸ்க்லடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகைக்கும் நெறியாளர் வேண்டும். ஆனால் அங்கே வயதைக் கேட்பதில்லை, முனைவர் பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே கால வரம்பு. யூராக்செஸ் என்ற பொதுத்தளத்தில் ஆய்வு இடங்களும் வெளியாகின்றன.

பொது அறிவிப்பு இல்லாத இந்தக் குறை எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏனாத்தூரில் 1993-இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரின் பெயரைத் தாங்கி 2007-இல் தொடங்கிய வடிவமைப்பு, உற்பத்திக்கான மத்திய அரசுத் தொழில்நுட்பக் கழகம் மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. தறிகளிடமோ கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு பசை. அதைச் சோப்பு கலந்த கொதிநீரில் நீக்கிய பிறகே சாயம் ஏற்றுகிறார்கள். வறண்டு கிடக்கும் பாலாற்றின் கரையில், அந்த நீரைக் குறைப்பதும் கழிவைச் சுத்திகரிப்பதும் வேதிப் பொறியியலுக்கு உரிய வேலை. சரிகையில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்பதைச் சேலைக்குச் சேதமின்றிச் சிறு கடையிலும் காட்டக்கூடிய மலிவான கருவி வேண்டும். உடலையும் கரையையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு, அந்த நூலைச் செலுத்த மூன்று நாடாக்கள், கூடவே ஒரு துணையாள். அந்தத் துணைக்கு ஆள் கிடைப்பதே இன்று அரிது. அவர் வேலையைத் தறியோடு இணைத்த ஒரு பொறியமைப்பு ஏற்க முடியுமா என்று இயந்திரப் பொறியாளர் ஆராயலாம். இவை இரண்டாண்டு ஆய்வுக்கு அளவான கேள்விகள். முனைவர் பட்டத்தின் பயிற்சி முடிந்து, வகுப்புச் சுமை இன்னும் ஏறாதவரே இவற்றுக்குப் பொருத்தமானவர்.

ஆய்வு என்பது நம்பிக்கை சார்ந்த உறவு, பட்டியலைப் பார்த்து நெறியாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று சில பேராசிரியர்கள் சொல்கிறார்கள். நம்பிக்கை தேவை என்பதில் எங்களுக்கும் மாறுபாடு இல்லை. தேர்வு செய்யும் உரிமை முழுவதும் அவர்களிடமே இருக்கட்டும். இடம் இருக்கிறது என்ற தகவலை மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுங்கள் என்கிறோம். விண்ணப்பங்கள் குவியும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் கேள்வியும் வேண்டிய திறனும் தெளிவாக எழுதப்பட்டால் பொருந்தாதவர்கள் தாமே விலகுவார்கள். பொத்தாம்பொதுவான மின்னஞ்சல்கள் குவிவதும் குறையும். அறிவிப்புகள் ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றனவே என்பது மூன்றாவது மறுப்பு. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிப் பக்கத்தில், குறுகிய கெடுவுடன் வந்து மறையும் விளம்பரத்தை வெளிப்படையான அறிவிப்பு என்று நாங்கள் ஏற்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தப் பட்டியலை வெளியிட இரு கல்வி நிறுவனங்களும் முன்வர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களிலும் சாயப்பட்டறைகளிலும் உள்ள தொழில்நுட்பச் சிக்கல்களைத் திரட்டி, துறைவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையை எங்கள் அமைப்பு ஏற்கும்.