‘ரீ’ என்னும் சொல்

வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சைவக் கடைக்குட் புகுந்து ‘பிளேன்ரீ’ கேட்பவருக்கு உச்சரிப்பைப் பற்றிய கவலை சிறிதும் இல்லை. அவரே மாணாக்கராக ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று அந்த ‘ரீ’யைச் சொல்ல நேர்ந்தால் நா எழ மறுக்கிறது. பின்வரிசையில் எவரேனும் நகைப்பரோ என்னும் அச்சமே காரணம்.

இவ்வச்சம் வீண் கற்பனை அன்று. ஒகர ஒலியை ஆங்கிலர் முறையிற் கூறாதவரை ‘நொற் பொற்’ என்று எள்ளுவது கொழும்பின் பழைய வழக்கம். சிங்கள மாணாக்கர் ஆங்கிலத்திற்குக் ‘கடுவ’, அதாவது வாள், என்றே பெயரிட்டனர். பேராதனையிற் கற்பித்த மொழியியலறிஞர் திரு கந்தையா, 1984இல் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். வெட்டுப்படுவோம் என்று அஞ்சி வாய் திறவாதிருக்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுட் பலர் பாடத்தில் மிக வல்லவர்கள் என்பதுதான் வருத்தம்.

ஆயின், அச்சொல்லின் முதலொலி நமக்கு அந்நியமானதா? தமிழகத்தார் அதனை ‘டீ’ என்று எழுதுவர். சொல்லும்போதும் நாநுனியை வளைத்து டகரமாகவே ஒலிப்பவர் பலர். ஆங்கில ஒலியோ டகரமும் அன்று, தகரமும் அன்று. மேற்பல்லின் பின்னே ஈறு சற்றுத் தடித்திருக்கும் இடத்தை நாநுனி தொட்டு விடுவதால் அது பிறக்கிறது. ‘வெற்றி’, ‘சுற்று’ என்று யாழ்ப்பாணத்தார் வாசிக்கும்போது நா தொடுவதும் அவ்விடத்தையே. தமிழகத்திற் பலர் இந்த ‘ற்ற’வை ட்ர என்பதுபோல் உருட்டுவர், ஈழத்தவரும் மலையாளத்தாரும் உருட்டாது ஒலிக்கின்றனர். இதனாலன்றோ நம்மவர் ‘ரிக்கற்’ என்றும் ‘ரீ’ என்றும் எழுதத் துணிந்தனர்! ‘ராசா’வுக்கும் ‘ரிக்கற்’றுக்கும் ஒரே முதலெழுத்தா என்று தமிழகத்து நண்பர்கள் மலைப்பதுண்டு; அவர்கள் மலைப்பதிலும் நியாயம் இல்லாமலில்லை.

தொல்காப்பியப் பிறப்பியல் றகரத்தையும் னகரத்தையும் ஓரிடத்திற் பிறப்பனவாகச் சேர்த்துக் கூறுகிறது. மாணாக்கருக்கு இதனினும் எளிய வழிகாட்டி வேண்டியதில்லை. ‘ன்’ என்று சொல்லி நாவை அங்கேயே நிறுத்துக. மூக்கின் வழி செல்லும் ஒலியை அடக்கி, நாவை விடுக. வேண்டிய ஒலி அதுவே.

உயிரொலியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ‘தேயிலை’, ‘தேத்தண்ணீர்’ என்னும் நம் சொற்களில் உள்ள ‘தே’யைக் கொச்சை என்று கருதுவோர் உளர். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் வழங்கிய சொல் ஒல்லாந்த வணிகரால் மேனாடு சென்றபோது, அதன் உயிர் ஏகாரத்தை ஒட்டியே இருந்தது. ஆங்கிலரும் பதினெட்டாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அவ்வாறே சொன்னார்கள். அலெக்சாந்தர் போப் என்னும் புலவர் 1714இல் விரித்து வெளியிட்ட நகைச்சுவைக் காவியத்தில், இச்சொல்லை ‘ஒபே’ என்பதனோடு இயைபாக அமைத்துள்ளார். பின்னரே ‘ஈ’ நிலைபெற்றது. அன்று பிழையற்றதாயிருந்தது இன்று பிழையாயிற்று. நகைப்போர் இதனை அறியார்.

இனி எஞ்சுவது ஒன்று. சொன்முதலில் வரும் இவ்வொலியை ஆங்கிலர் சிறிது மூச்சோடு வெளியிடுவர். தமிழில் அம்மூச்சு இல்லை. உதட்டுக்கு முன்னே மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்து ‘ரீ’ என்று சொல்லிப் பார்க்கலாம். கடதாசி அசைய வேண்டும். ‘ஸ்ரேசன்’ என்னும்போது, முன்னே ஸகரம் நிற்பதால் அந்த மூச்சு எழுவதில்லை. அங்கே கடதாசி அசைந்தால் மூச்சைக் குறைத்துக்கொள்க.