கண்மணியைப் படம் பிடித்தவர்கள் கடிதம் கேட்கிறார்கள்

2010 முதல் 2013 வரை ஆப்கானிஸ்தானின் பாக்ராம் விமானப்படைத் தளத்தில் டைம் கீப்பராக இருந்தேன். துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க ராணுவத்துக்குச் சமையல், துணி வெளுப்பு, குப்பை அள்ளுவது போன்ற வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தந்த ஒரு சப்-காண்ட்ராக்ட் கம்பெனியின் சம்பளக்காரன் நான். புதுக்கோட்டைப் பக்கமிருந்து துபாய்க்குப் போனவன், நாலு காசு கூடக் கிடைக்கும் என்று அங்கிருந்து பாக்ராமுக்கு விமானம் ஏறினேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், ஓ.டி. எவ்வளவு என்று எழுதுவதுதான் உத்தியோகம்.

தளத்துக்குள் மனிதர்கள் மூன்று சாதி. அமெரிக்கர்கள் முதலாவது. இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த எங்களுக்கு 'டி.சி.என்.', அதாவது மூன்றாம் நாட்டார் என்று பெயர். அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் 'எல்.என்.', உள்ளூர்க்காரர்கள். துணைக்கு ஓர் ஆள் வராமல் நாலடி நடக்க முடியாதவர்கள் இந்த மூன்றாவது சாதிதான். அது அவர்கள் ஊர் என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துபோவோம்.

பனி கொட்டும் காலையில், வெளிச்சம் வருமுன்பே உள்ளூர்க்காரர்கள் கேட்டில் வரிசை கட்டுவார்கள். பத்து விரல் ரேகை, முகப்படம், பிறகு கண். பழைய கேமரா மாதிரி ஒரு கையடக்கக் கருவியை முகத்துக்கு நேரே பிடித்துக் கருவிழியைப் படம் எடுப்பார்கள். வேலைக்குச் சேரும்போது விசாரணை. சேர்ந்த பிறகும் அவ்வப்போது விசாரணை. சிலருக்குப் பொய் கண்டறியும் கருவிச் சோதனை. அதில் ஊசி கொஞ்சம் நடுங்கினால் அன்றோடு வேலை போச்சு, காரணமும் சொல்ல மாட்டார்கள். இத்தனை வடிகட்டலையும் தாண்டி உள்ளே வந்தவர்களின் பெயரைத்தான் நான் மஸ்டர் ஷீட்டில் எழுதினேன்.

பெயரில்தான் கோளாறு. அவர்களில் பலருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. ஒற்றைப் பெயர், கேட்டால் அப்பா பெயர், இன்னும் கேட்டால் தாத்தா பெயர். என் அக்கா மகன் அமெரிக்கா போனபோது அவன் விசாவில் முதற்பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடித்திருந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றே ஒன்று. அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, இது தெரியவில்லை என்கிறார்கள். பாக்ராமில் என் ஷீட்டிலும் எஃப்.என்.யு. நிறைய. பிறந்த தேதியும் அப்படித்தான். ஆப்கானியரின் அடையாளச் சீட்டான தஸ்கிராவில், அவர்கள் நாள்காட்டிப்படி இன்ன வருடத்தில் இவருக்கு இத்தனை வயது என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மாதமும் தேதியும் கேட்கும். ஜனவரி 1 என்று தட்டிவிடுவோம். எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதிதானே பலருக்குப் பிறந்தநாள்! ஆகையால் எனக்கு அது தப்பாகவே படவில்லை.

துணி வெளுக்கும் பகுதியில் ஒருவர் இருந்தார். பர்வான் மாகாணத்துச் சாரிகாரைச் சேர்ந்தவர். பேரைச் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறார். சிறுவயதில் பெஷாவர் அகதி முகாமில் இருந்ததால் உருது வரும், இந்திப் படத்தால் இந்தியும் வரும். என்னைப் 'பாய்' என்பார். ஷொமாலி சமவெளித் திராட்சையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார். ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டதும் சோல்ஜர்களுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவே 'தர்ஜுமான்' வேலையும் அவர் தலையில் விழுந்தது. நம்மூரில் ஒரு காலத்தில் துபாஷி என்றோமே, அதுதான். நம் துபாஷிகள் வெள்ளைக்காரனுக்கு மொழி சொல்லி மாளிகை கட்டினார்கள். இவருக்கு அதே சம்பளம்தான், ஊரார் பார்வை மட்டும் மாறியது.

2021 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ராத்திரியோடு ராத்திரியாக அமெரிக்கர்கள் பாக்ராமைக் காலி செய்தார்கள். தங்களுக்குச் சொல்லாமலே போய்விட்டார்கள் என்று புதிதாகப் பொறுப்பேற்ற ஆப்கான் தளபதியே நிருபர்களிடம் சொன்னார். ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. அந்த வாரம் பேஸ்புக்கில் என்னைத் தேடிப்பிடித்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பாய், ஒரு லெட்டர்."

அந்த லெட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவுக்காக வேலை பார்த்த ஆப்கானியருக்குச் சிறப்புக் குடியேற்ற விசா தருவதற்கு 2009-லேயே சட்டம் போட்டார்கள். ஆப்கான் கூட்டாளிகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். நேரடி வேலைக்காரர்களுக்கு மட்டுமில்லை, அமெரிக்க அரசுக்காக வேலை எடுத்த கம்பெனிகளின் ஆட்களுக்கும் இது பொருந்தும். ஆக, துணி வெளுத்தவருக்கும் உரிமை உண்டு. இடையில் இரண்டு வருட வேலை வேண்டும் என்று இறுக்கி, 2021-ல் ஒரு வருடம் போதும் என்று தளர்த்தினார்கள். அவர் மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

ஆனால் நிரூபிக்க வேண்டியது அவர். வேலை கொடுத்த கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். மேற்பார்வை பார்த்த அமெரிக்கக் குடிமகனிடமிருந்து சிபாரிசுக் கடிதம். அந்த வேலையால் உயிருக்கு ஆபத்து என்று விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலம். எங்கள் கம்பெனியின் போன் நம்பர் உயிரோடில்லை; ஒப்பந்தம் முடிந்தால் கடையைக் கட்டுகிற ரகம் அது. மேற்பார்வை பார்த்த சார்ஜென்ட்கள் ஒன்பது மாதம், ஒரு வருடம் இருப்பார்கள், பிறகு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் சட்டையில் குடும்பப் பெயர் மட்டும்தான் தைத்திருக்கும். ஸ்மித் என்று மட்டும் தெரிந்துகொண்டு அமெரிக்காவில் ஓர் ஆளைத் தேடச் சொன்னால், முத்து என்று மட்டும் தெரிந்துகொண்டு தமிழ்நாட்டில் தேடுவது போலத்தான்.

நான் ஒரு கடிதம் எழுதினேன். இன்னார் இன்ன தேதியிலிருந்து வேலை பார்த்தார், வருகைப் பதிவை நானே எழுதினேன் என்று இரண்டு பக்கம். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்கர் அல்லாத மேலாளர் எழுதினால் அந்த ஒப்பந்தத்துக்குப் பொறுப்பான ஓர் அமெரிக்கரும் கூடக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த ஒரு கையெழுத்து இருந்தால் என்னை எதற்குத் தேடப்போகிறார்?

கையில் இருந்த காகிதமும் போனது. தாலிபான் வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்ற பயத்தில், பாராட்டுச் சான்றிதழ், பேட்ஜ் நகல் எல்லாவற்றையும் அவர் மனைவி அடுப்பில் போட்டுவிட்டார். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. அமெரிக்கத் தூதரகமே அதைத்தான் செய்தது. காபூல் அலுவலகத்தைக் காலி செய்தபோது, விசாவுக்காக ஆப்கானியர் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் மற்ற ஆவணங்களோடு சேர்த்து அழித்துவிட்டார்கள். எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்பது விதி. பாஸ்போர்ட்டுக்காரர் விமான நிலையத்துக்கு எப்படிப் போவார் என்பதற்கு விதியில் இடமில்லை.

விண்ணப்பம் ஒன்பது மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. வருடக்கணக்கில் இழுத்ததால் விண்ணப்பதாரர்கள் 2018-ல் வழக்குப் போட, இந்தத் தாமதம் நியாயமற்றது என்று 2019-ல் வாஷிங்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கஜ்னியில் 2008-ல் நடந்த ஒரு சண்டையில் தன் உயிரைக் காப்பாற்றிய மொழிபெயர்ப்பாளர் ஜானிஸ் ஷின்வாரிக்கு விசா வாங்கித்தர மாட் செல்லர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி பத்திரிகை, காங்கிரஸ் என்று எல்லாக் கதவையும் தட்டினார். அப்படியும் 2013-ல்தான் கிடைத்தது. கையில் கொடுத்த விசாவை நடுவில் ஒருமுறை ரத்தும் செய்தார்கள். ஊரைக் கூட்ட ஓர் அதிகாரி இருந்தவருக்கே இந்தப் பாடு.

சோதிக்காமல் ஆளை உள்ளே விட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 நவம்பர் 26 அன்று வாஷிங்டனில் தேசியக் காவல்படையினர் இருவர் சுடப்பட்டு, அதில் ஒரு பெண் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர், சி.ஐ.ஏ. ஆதரவில் இயங்கிய ஆப்கான் படைப்பிரிவில் இருந்து 2021-ல் அமெரிக்கா வந்தவர். செத்துப்போன பெண்ணின் வீட்டாரிடம் போய் நான் எந்த வாதமும் வைக்க மாட்டேன். ஆனால் ஒருவர் செய்ததற்கு, இரண்டே நாளில் ஆப்கான் பாஸ்போர்ட் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் விசா நிறுத்தப்பட்டது. சோதனை வேண்டும் என்பவர்கள் சோதனையைத்தானே கடுமையாக்க வேண்டும்? கதவைச் சாத்தினால் சோதிக்க ஆளே இருக்காது.

சோதனைக்கு ஆதாரம் இல்லாமலா போய்விட்டது? சாரிகார்க்காரரின் பத்து விரலும் கருவிழியும் அமெரிக்க ராணுவத்தின் கணினியில் இருக்கின்றன. எந்தக் கேட் வழியாக வந்தார் என்பது இருக்கிறது. எங்கள் கம்பெனி மாதாமாதம் பில் போட்டுக் காசு வாங்கியது. அந்தப் பில்லோடு என் மஸ்டர் ஷீட்டும் போனது. நாட்டைப் பிடித்தபோது அந்தக் கண்படக் கருவிகளில் சில தாலிபான் கையில் சிக்கின என்று செய்தி வந்தது. அவரை அடையாளம் காட்டக்கூடிய பதிவு முதலாளியிடம் இருக்கிறது, ஒருவேளை எதிரியிடமும் இருக்கலாம். இல்லாதது அவரிடம் மட்டும். அவரிடம் போய்க் கடிதம் கேட்கிறார்கள்.

பிரிட்டன் கதை இன்னும் மோசம். தங்களுக்கு வேலை பார்த்தவர்களை அழைத்துக்கொள்ள 2021 ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆபத்தில் இருப்பவர்கள் பெயர், விவரம் எல்லாம் எழுதி விண்ணப்பித்தார்கள். 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகத்து ஊழியர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய எக்செல் தாளோடு ஏறத்தாழ 19,000 விண்ணப்பதாரர்களின் விவரம் வெளியே போனது. அது தெரியவந்தது 2023 ஆகஸ்டில். அப்போது என்ன செய்தார்கள்? நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். செய்தியை எழுதக் கூடாது, தடை இருக்கிறது என்றுகூட எழுதக் கூடாது என்கிற ரகத் தடை. 2025 ஜூலை 15 அன்று அது விலகியபிறகுதான் பாதுகாப்பு அமைச்சர் ஜான் ஹீலி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தத் திட்டத்தில் புதிய விண்ணப்பங்களுக்கு அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஜூலை 1-ல், பூட்டுப் போட்டாயிற்று. தன் பெயர் வெளியே போனது தெரியாமலே அந்தப் பட்டியலில் பலர் வருடக்கணக்கில் அதே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

ஜெர்மனியும் வாக்குக் கொடுத்த ஏறத்தாழ 2,000 பேரைப் பாகிஸ்தானில் காத்திருக்க வைத்தது. அவர்களில் பலரைப் பாகிஸ்தான் போலீஸ் பிடித்து எல்லை தாண்டி விட்டது. கொடுத்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று பெர்லின் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நம் பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில் ஆப்கான் ராணுவத்துப் பெண்கள் 20 பேர் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்துக்கு வந்தார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் வந்தார்கள். தாலிபான் வந்தபின் அந்த ராணுவமே இல்லை. ஆப்கான் அரசின் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள் என்பதால் இவர்கள் அமெரிக்கச் சிறப்பு விசாவுக்குள்ளும் வர மாட்டார்கள். காபூல் விழுந்த பத்தாவது நாள், ஏற்கெனவே ஆப்கானியருக்குக் கொடுத்திருந்த விசாக்களில் இந்தியாவுக்கு வெளியே இருந்தவர்களுடையதை எல்லாம் நாம் ரத்து செய்தோம். இங்கே படித்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த மாணவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

பொதுமன்னிப்பு என்று தாலிபான் அறிவித்ததே என்று சிலர் கேட்பது உண்டு. பழைய அரசு அதிகாரிகள், படையினர் என 218 பேராவது சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதை 2023 ஜூன் வரையிலான கணக்காக ஐ.நா. குழு பதிவு செய்திருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேலை பார்த்தார் என்பதை வேலை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். கேட் பதிவையும் ஒப்பந்தப் பில்லையும் கண்படத்தையும் விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அலுவலகம் போதும். அமெரிக்கக் காங்கிரசில் இதற்குக் குரல் கொடுப்பவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள். அப்படியும், 2021-ல் விமானத்தில் ஏற்றி வந்த 76,000 பேருக்கு நிரந்தர இருப்பு தர 2022-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. சிறப்பு விசாவின் முதல் கட்ட விண்ணப்பத்துக்குச் சட்டத்தில் வைத்த கடைசி நாள் 2025 டிசம்பர் 31.

சாரிகார்க்காரரின் விண்ணப்பம் முன்பே போய், போதிய ஆவணம் இல்லை என்று திரும்பியது. மேல்முறையீடு ஒருமுறைதான், 120 நாளுக்குள். அதையும் போட்டார். அப்போது வாட்ஸ்அப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஷீட்டில் என் பெயரை எழுதும்போது ஆங்கிலத்தில் 'ஓ' போட்டாயா, 'யு' போட்டாயா? பழைய பதிவைத் தேடுபவர்கள் எந்த எழுத்தில் தேடுவார்கள் என்று அவருக்குக் கவலை. மூன்று வருடத்தில் டைம் கீப்பர்கள் மூன்று பேர் மாறி மாறி, ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினோம். நான் எப்படி எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அதையே அவருக்குப் பதிலாக அனுப்பினேன்.