நாட்காட்டியில் இல்லாத ஊர்



எம். புதுப்பட்டியில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சுவரில் சிவகாசியில் அச்சான நாட்காட்டி. அதில் ஓர் ஆங்கிலேயக் கிராமம்: வைக்கோல் வேய்ந்த வீடு, வேலியோரம் ரோஜா, நடுவே பசும்புல் திடல், அப்பால் ஆலயக் கோபுரம். அவ்வீட்டுச் சிறுமி கேட்டாள்: "நம் ஊரை ஏன் யாரும் காலண்டரில் போடுவதில்லை?" அப்போது எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

அந்த அழகு தானாக நிலைத்ததன்று. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களால் இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. மேய்ச்சல் நிலம் இழந்த ஏழைகள் பலர் நகரங்களுக்குச் சென்றனர். எஞ்சியதைக் காக்க வேண்டும் என்னும் உணர்வு பின்னரே வலுத்தது. 1895இல் தேசிய அறக்கட்டளை தோன்றியது. வில்ட்ஷயரிலுள்ள லேகாக் என்னும் ஊரை, அதன் உரிமையாளரான மெட்டில்டா டால்பட் அம்மையார் 1944இல் அவ்வறக்கட்டளைக்கே கொடுத்தார். இன்று உலகமே அவ்வூரைக் காணச் செல்கிறது.

நம் கரிசல் ஊர்களுக்கும் அழகு உண்டு. அதன் உயிர் கண்மாயில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை வரத்துக்கால் வழியே வாங்கி, மடை திறந்து வயலுக்குத் தந்து, மிகுந்ததைக் கலுங்கு வழியே அடுத்த ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு எத்துணை நுட்பமானது! நம் நீர் நிறைந்தால் அண்டை ஊருக்குச் செல்லட்டும் என்னும் அறமன்றோ அது? குடிநீருக்கு ஊருணி, மாடுகளுக்கு மந்தை, கதிரடிக்கக் களம், முதியோர் அமர்ந்து வழக்குத் தீர்க்கச் சாவடி. இவை எல்லாம் பொது. குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியுடன் இறங்கிய நாட்களைப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இன்று கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டுகிறது, வரத்துக்கால் தூர்கிறது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் சட்டம் வந்தது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்குமாறு 2011இல் உச்சநீதிமன்றமும் ஆணையிட்டது. ஆயினும், கரையில் நின்று கேட்க ஆளில்லையெனில் சட்டம் ஏட்டிலேயே உறங்கும்.

வயல் பொய்த்தபோது இப்பகுதிக்குச் சோறிட்டவை தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும். அவற்றை நாம் பழிக்கலாகாது. ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தை மறத்தலும் ஆகாது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், தீயைக் கண்டு உதவ ஓடிச்சென்ற அக்கம்பக்கத்தவரும் உயிரிழந்தனர். அவர்களை அங்கே ஓடச் செய்தது எது? பக்கத்து வீட்டின் துயரத்தைத் தன் துயரமாய்க் கொள்ளும் ஊர்ப்பாசமே. எந்த ஓவியனும் தீட்டவியலாத அழகு அது.

அந்தச் சிறுமிக்கு இப்போது விடை கூறுவேன்: மகளே, படத்தில் வருவதால் ஓர் ஊர் அழகாவதில்லை, பொதுவானதைக் காப்பதால் அழகாகிறது. இப்பருவமழைக்கு முன் உங்கள் குடும்பத்தில் ஒருவரேனும் கண்மாய்க் கரைக்குச் சென்று, வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பார்த்து வரலாமே! அடைபட்டிருந்தால் நாலு பேரைக் கூட்டுங்கள். தொடக்கத்திற்கு அது போதும்.