விலக்கு பி.எப்.புக்கு, வெட்டு பென்ஷனுக்கு

எண்ணூரில் நான் வேலை பார்த்த ஆலையில் சொந்த பி.எப். டிரஸ்ட் இருந்தது. எங்களுக்கு அது பெருமை. பிள்ளை கல்யாணத்துக்கு லோன் என்றால் டைம் ஆபீஸ் பக்கத்து அறையிலேயே கையெழுத்தாகிவிடும். ஷிப்டை விட்டுவிட்டு ராயப்பேட்டை பி.எப். ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டு பி.எப். சட்டத்தின் 17ஆம் பிரிவு தந்த விலக்கு அது. எண்ணூர், மணலி பக்கத்துப் பழைய ஆலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் விலக்கு பி.எப்.புக்கு மட்டும்தான். 1995 நவம்பர் 16 முதல் பென்ஷனுக்கான 8.33 சதவீதம் எங்கள் கணக்கிலிருந்தும் மாதாமாதம் அரசின் பென்ஷன் நிதிக்கே போனது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், 2001 ஜூன் முதல் 6,500 ரூபாய் உச்சவரம்புக்கு 541 ரூபாய். 2014 செப்டம்பர் முதல் 15,000க்கு 1,250 ரூபாய். 2016இல் 58 வயதில் ஓய்வு பெற்ற எனக்கு மாதம் வருவது மூவாயிரத்துச் சொச்சம். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவனுக்கு இது மருந்துக் கடையிலேயே கரைந்துவிடுகிறது.

2022 நவம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் பங்கு கட்டத் தகுதி உள்ளவர்கள் விருப்பம் தெரிவிக்கலாம், டிரஸ்ட் நிறுவன ஊழியரும் மற்றவர்களும் இதில் ஒன்றே என்றது. அதன் பிறகு வருங்கால வைப்பு நிதி (பி.எப்.) நிறுவனம் டிரஸ்ட் விதிகளைக் கையில் எடுத்தது. உச்சவரம்புக்கு மேல் பங்கு கட்ட விதியில் இடமில்லை என்று காட்டிப் பல நிறுவனங்களின் ஊழியர்களுடைய விண்ணப்பங்களை மறுத்தது. அந்த விதிகளை நாங்களா எழுதினோம்? எழுதியது நிர்வாகம், ஒப்புதல் தந்தது அரசு.

பிரிட்டனில் நிறுவன பென்ஷன் திட்டங்கள் அரசு பென்ஷனின் ஒரு பகுதியையே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. 2016 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டை முடித்தார்கள். எங்கள் பென்ஷனோ அரசின் கையை விட்டுப் போனதே இல்லை. பிறகு டிரஸ்ட் விதி எப்படிக் குறுக்கே வரும்?

நிலுவைப் பங்கை வட்டியோடு டிரஸ்டிடமிருந்தும், பி.எப். பணத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால் எங்களிடமிருந்தும் வசூலித்துக்கொள்ளட்டும். தரத் தயாராக இருக்கிறோம். என்னோடு லைனில் நின்றவர்கள் எழுபதை நெருங்குகிறார்கள். சிலர் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள், அவர்கள் மனைவிகளுக்கு வருவது குடும்ப பென்ஷன், அது இன்னும் குறைவு. டிரஸ்ட் விதியைக் காரணம் காட்டி மறுத்த விண்ணப்பங்கள் அனைத்தையும் திரும்ப எடுத்துப் பரிசீலிக்கத் தொழிலாளர் அமைச்சகம் இந்த நிதியாண்டுக்குள் உத்தரவு போட வேண்டும்.