பாரிசுக்கு டிசம்பரில் போங்கள்

"இந்த வயசுல டிசம்பர் குளிர் தாங்காது சார்" என்று சொல்லி, ஓசூரில் சுற்றுலா ஏஜெண்டுகள் நம் போன்றவர்களைக் கோடையில்தான் பாரிசுக்கு அனுப்புகிறார்கள். பெற்ற பிள்ளைகளும் அதையே பாடுகிறார்கள். நான் ஒப்பவே மாட்டேன்.

2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் சுமார் 15,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் முதியவர்கள். 2019 ஜூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி! அங்கே பல வீடுகளில் ஏ.சி. கிடையாது. குளிருக்குச் சட்டைமேல் சட்டை போடலாம். வெயிலுக்குத் தோலையா கழற்றுவது? வீட்டுக்குள் ஹீட்டர் உண்டு. மார்கழி விடியலில் நம் ஓசூர் வீட்டில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறோமே, அங்கே அது வேண்டாம்.

மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், உண்மைதான். இருட்டட்டுமே! லா ஷப்பேலில் ஈழத் தமிழர் கடைகளில் சுடச்சுட வடை கிடைக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாடப் புத்தகமெல்லாம் வெண்பனிதான். பாரிசில் அது அபூர்வம், எதிர்பார்க்காதீர்கள். ஒர்சே அருங்காட்சியகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணமில்லை, முன்பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள். லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.